குரோஷா பின்னலை இண்டர்நெட்டில் விற்கலாமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து இண்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால் மெயில், வீடியோ, ரயில் டிக்கெட் எல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். அதன் பிறகு, கைவேலை தெரிந்தவர்கள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "நான் பின்னுவதை இதில் போட்டு விற்க முடியுமா?" மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் கொக்கி ஊசியை எடுத்தால் கீழே வைக்காத பெண்களை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் பின்னும் தோரணமும் டேபிள் விரிப்பும் குழந்தைத் தொப்பியும் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய் நிறைந்த பிறகு, அடுத்து எங்கே என்ற யோசனை வருவது இயல்புதான்.

விற்க முடியுமா என்றால் முடியும். போட்டோ எடுத்து, விலை எழுதி, அரை மணி நேரத்தில் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் பிசினஸிலோ கடை திறந்துவிடலாம். எங்கே கிளிக் செய்வது, எதை நிரப்புவது என்பதை அந்தத் தளங்களே படிப்படியாகச் சொல்லிக் கொடுத்துவிடும். ஆனால் விற்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை எந்த வெப்சைட்டிலும் கிடைக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில்தான் கிடைக்கும். அதை எப்படிப் பெறுவது என்று பார்ப்போம்.

மெஷின் செய்யாத வேலை

முதலில் குரோஷாவைப் பற்றிப் பலரும் கவனிக்காத ஒரு விஷயம். ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங்கிற்கு மெஷின் உண்டு. நெசவுக்கு உண்டு. எம்பிராய்டரிக்குக் கம்ப்யூட்டரோடு இணைத்த மெஷினே வந்துவிட்டது. ஆனால் உண்மையான குரோஷாவைப் பின்னிக் கடைகளுக்குச் சரக்காகத் தரும் மெஷின் இன்றுவரை இல்லை. ஆராய்ச்சிக் கூடங்களில் முயற்சிகள் நடக்கின்றன, அவ்வளவுதான்.

காரணம் எளிது. நிட்டிங்கில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசிகளில் வரிசையாக நிற்கும். மெஷினுக்கு அது வசதி. குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஊசி ஏற்கெனவே பின்னிய பகுதிக்குள் சரியான ஓட்டையைத் தேடி நுழைந்து, நூலைப் பிடித்து இழுத்து வரவேண்டும். நம் விரலும் கண்ணும் நினைக்காமலே செய்யும் இந்த வேலை மெஷினுக்குப் பெரும் தலைவலி.

எனவே ரங்கநாதன் தெருவில் மலிவு விலையில் ஒரு குரோஷா டாப்ஸ் தொங்கினால், அது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். குரோஷா போலத் தோற்றமளிக்கும் மெஷின் துணியாக இருக்கலாம். அல்லது எங்கோ ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பின்னி, மிகக் குறைந்த கூலி வாங்கிக்கொண்டு அனுப்பியதாக இருக்கலாம். இண்டர்நெட்டில் கடை திறந்தவுடன் உங்கள் பொருளின் பக்கத்தில் அதே மாதிரிப் பொருளை அதன் விலையோடு திரை காட்டும்.

இந்த இரண்டாவது வகைக்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே பழைய உதாரணம் உண்டு. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் பெயர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் கற்றுக்கொடுத்த வேலை சுற்றுவட்டார கிராமங்களில் பரவி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. 1970-களின் கடைசியில் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய சமூகவியலாளர் அங்கே ஆய்வு செய்து, 1982-ல் நரசாபுரத்து லேஸ் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியும், அந்தப் பெண்களின் தினக் கூலி ஒரு ரூபாயைக்கூடத் தொடவில்லை. வியாபாரிகளும் ஏற்றுமதியாளர்களும் வளர்ந்தார்கள். பின்னியவர்களை யாரும் தொழிலாளியாகக்கூட எண்ணவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்றே ஊர் நினைத்தது. பின்னிய பெண்களில் பலரும் அப்படியே நினைத்தார்கள்.

"டி.வி. பார்த்துக்கொண்டே பின்னுவதுதானே, அதற்கு என்ன கூலி?" என்று நம் வீடுகளில் கேட்பது இதே நினைப்பின் தொடர்ச்சி. இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லத் தெரியாமல் கடை திறந்தால் நரசாபுரத்துக் கணக்குதான் நமக்கும் வரும். நடுவில் வியாபாரி இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறங்கள்

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஒரு புராஜெக்டை எடுக்கும் முன் அது எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று எஸ்டிமேட் போடுவது வழக்கம். எனக்குத் தினமும் அதுதான் பிழைப்பு. மந்தைவெளியில் இருக்கும் என் சித்தி இண்டர்நெட்டில் விற்க வேண்டும் என்று சொன்னபோது அந்தப் பழக்கத்தில்தான், "சித்தி, ஒரு தொப்பிக்கு எவ்வளவு நேரம் ஆகுது உங்களுக்கு?" என்று கேட்டேன். "அதை யார்டா பார்த்தா? சாயந்திரம் ஆரம்பிச்சா மறுநாள் முடிஞ்சுடும்" என்றார். நூல் விலை பைசா சுத்தமாகத் தெரிந்தது. நேரம் தெரியவில்லை. நான் பேசிப் பார்த்த வேறு சிலரும் இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

நேரத்தை அளக்க விண்டோஸில் உள்ள கடிகார அப்ளிகேஷனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. போனிலும் இருக்கும். பின்ன உட்காரும்போது ஓடவிட்டு, எழுந்தால் நிறுத்துங்கள். ஒரு பொருள் முழுதாக முடியும்வரை இப்படிச் செய்தால் போதும்.

அடுத்து ஸ்ப்ரெட்ஷீட். எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசம். ஜிமெயில் முகவரி இருந்தால் கூகுள் ஷீட்ஸும் இலவசம். மேல் வரிசையில் இந்தத் தலைப்புகளை ஒவ்வொரு கட்டமாக டைப் செய்யுங்கள்: பொருள், விற்பனை விலை, நூல் மற்றும் சாமான், பேக்கிங், கூரியர், தளத்தின் கட்டணம், பின்னும் நேரம், மற்ற நேரம், மணிக்குக் கிடைப்பது. அடுத்த வரிசையில் ஒரு பொருளுக்கான எண்களை நிரப்புங்கள்.

கடைசிக் கட்டத்தில் சமக்குறி (=) போட்டு ஒரு அடைப்புக்குறியைத் திறங்கள். விற்பனை விலை உள்ள கட்டத்தை மவுஸால் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு நூல் கட்டத்தை, மீண்டும் கழித்தல் குறி போட்டு பேக்கிங் கட்டத்தை என்று செலவுகள் எல்லாவற்றையும் கிளிக் செய்து அடைப்புக்குறியை மூடுங்கள். பிறகு வகுத்தல் குறி (/) போட்டு, இன்னொரு அடைப்புக்குறிக்குள் இரண்டு நேரக் கட்டங்களையும் கூட்டல் குறியுடன் கொடுத்து என்டர் தட்டுங்கள். விடை வந்துவிடும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் அதே சூத்திரம் பரவும். புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றரை மணி நேரத்தை 3.5 என்றுதான் எழுத வேண்டும், 3.30 என்றல்ல. முக்கால் மணி என்றால் 0.75.

"மற்ற நேரம்" என்ற தலைப்பைச் சிலர் விட்டுவிடுவார்கள். போட்டோ எடுப்பது, "இதே டிசைன் பிங்க் கலரில் கிடைக்குமா?" என்று வரும் பத்து மெசேஜ்களுக்குப் பதில் எழுதுவது, பேக் செய்வது, கூரியர் ஆபீசில் நிற்பது எல்லாம் இதில் சேரும். பாரிமுனைக்குப் போய் நூல் வாங்கி வரும் நேரத்தையும் பங்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

சித்தியின் ஷீட்டிலிருந்து சில வரிசைகளைப் பாருங்கள். குழந்தைத் தொப்பி விலை 350 ரூபாய். நூல் 70, பேக்கிங் 15, கூரியர் 60 போக மீதி 205. பின்ன மூன்றரை மணி, மற்றவற்றுக்கு ஒரு மணி. மணிக்குச் சுமார் 45 ரூபாய் 50 காசு. இதையே விலையில் 100-க்கு 15 ரூபாய் கட்டணம் பிடிக்கும் தளத்தில் விற்றதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 34 ரூபாயைக்கூடத் தொடாது. 2,500 ரூபாய்க்கு விற்கும் பெரிய டேபிள் விரிப்பு பார்ப்பதற்குத்தான் லாபம். செலவு 580 போக 1,920 மீதி. ஆனால் ஆன நேரம் 48 மணி. மணிக்கு 40 ரூபாய். 1,800 ரூபாய் வாசல் தோரணத்தில் செலவு 400 போக 1,400 நிற்கிறது, நேரம் 14 மணி. மணிக்கு 100 ரூபாய்.

ஆச்சரியம் தந்தது கீ செயின்தான். ஒன்று 120 ரூபாய். சாமான் 18, பேக்கிங் 10, கூரியர் 50 போனால் 42 ரூபாய்தான் கையில். பின்ன முக்கால் மணியும் மற்ற வேலைக்கு ஒரு மணியும் சேர்த்தால் மணிக்கு 24 ரூபாய். எல்லாவற்றிலும் மோசம் இதுதான். ஆனால் அதே கீ செயினை ஒரு பிறந்த நாள் வீட்டிற்கு ரிட்டர்ன் கிஃப்ட்டாக 25 கேட்டார்கள். ஒன்றுக்கு 100 ரூபாயாக விலை குறைத்தும், சாமானும் பேக்கிங்கும் 480 போக மீதி 2,020. அவர்களே வந்து வாங்கிக்கொண்டதால் கூரியர் இல்லை. மொத்தம் 20 மணி நேரம். மணிக்கு 101 ரூபாய். விலையைக் குறைத்த பிறகும் வருமானம் நான்கு மடங்குக்கு மேல். பின்னும் வேகம் மாறவில்லை. அந்த ஒரு மணி நேர "மற்ற வேலை" ஒரே பொருளின் தலையில் விழாமல் 25-க்கும் பிரிந்துவிட்டது.

இந்த ஷீட் இல்லாவிட்டால் சித்தி டேபிள் விரிப்பைத்தான் முதலில் போட்டிருப்பார். அதுதான் அவர் பின்னுவதில் மிக அழகானது.

மணிக்கு எவ்வளவு கிடைத்தால் சரி என்பதை நான் சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு 40 ரூபாயே மனநிறைவாக இருக்கலாம், பின்னல் எப்படியும் நடக்கப்போகிறதே என்பார். வீட்டு வருமானத்திற்காகச் செய்பவருக்கு அது போதாது. ஆனால் அந்த எண் ஷீட்டில் தெரிந்த பிறகு முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கூரியரில் ஒளிந்திருக்கும் எடை

கூரியர் கட்டத்தை நிரப்பும்போது எடை மட்டும் பார்க்காதீர்கள். பல கூரியர் கம்பெனிகள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடும். உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம். பஞ்சு அடைத்த பொம்மையின் எடை 300 கிராம் என்று நீங்கள் நினைப்பீர்கள். 30-க்கு 25-க்கு 20 அளவுள்ள பெட்டியில் வைத்தால் அது 3 கிலோ! தொப்பி, தோரணம், டேபிள் விரிப்பு போன்றவற்றைத் தட்டையாக மடித்து உறையில் போட்டுவிடலாம். பொம்மையையும் கூடையையும் அப்படி மடிக்க முடியாது. விலை வைக்கும் முன் ஒரு முறை பேக் செய்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால், பழைய ரெஜிஸ்டர்டு போஸ்ட் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

லைக் போடுபவர் வாங்குபவரா?

சென்னையில் குரோஷா தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. இதற்குக் கின்னஸ் சாட்சி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் ஃபேஸ்புக் மூலம் ஒன்றுசேர்த்த "மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்" குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்துக் காட்டியது. சுமார் 1,20,000 சதுர அடி. பல ஊர்களிலிருந்தும் பெண்கள் தனித்தனியாகப் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்தது அது. முகம் தெரியாதவர்களை இண்டர்நெட் எப்படி ஒரு வேலையில் சேர்க்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை.

ஆனால் கடை வைக்க நினைப்பவர் இதிலிருந்து வேறொன்றையும் படிக்க வேண்டும். குரோஷா குழுக்களில் உங்கள் போட்டோவுக்கு 200 லைக் விழும். "சூப்பர்", "பேட்டர்ன் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். அத்தனை பேரும் பின்னத் தெரிந்தவர்கள், அவர்கள் தோரணத்தை உங்களிடம் வாங்கப் போவதில்லை. உங்களிடம் வாங்கப் போகிறவருக்குக் கொக்கி ஊசி எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அவர் வேறு இடங்களில் இருக்கிறார்: அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், பிள்ளைகளின் பள்ளிக்கூட அம்மாக்கள் குழுவில், நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை பார்க்க வரும் கூட்டத்தில்.

குழுவில் இருப்பவர்கள் வாங்கக்கூடியது வேறு இருக்கிறது. அது நீங்களே உருவாக்கிய டிசைனின் பேட்டர்ன். ஒரு முறை எழுதி பி.டி.எஃப். பைலாக மாற்றிவிட்டால் எத்தனை பேருக்கு விற்றாலும் பின்னும் நேரம் கூடாது. கற்றுக்கொடுப்பதும் அப்படித்தான். வீடியோ காலில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இவற்றையும் ஷீட்டில் ஒரு வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

பெரிய தளங்களைப் பொறுத்தவரை, அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுமே கைவினைஞர்களுக்கென்று காரிகர், சமர்த் என்ற பெயர்களில் தனித் திட்டங்களைக் கொண்டு வந்தன. கட்டணங்கள் பொருளுக்குப் பொருள், மாதத்திற்கு மாதம் மாறும் என்பதால், சேரும் நாளில் அந்தத் தளத்தின் விற்பனையாளர் பக்கத்தில் உள்ள எண்ணையே ஷீட்டில் போடுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு, 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி என்ற கைவினைப் பொருள் தளம் பெயர் பெற்றது. அது விற்பனைக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. பொருளைப் பட்டியலில் சேர்க்கும் கட்டணமும் பணப் பரிமாற்றச் செலவும் தனி. டாலரைக் கண்டு மயங்கும் முன் இன்னொன்று: 800 டாலர் வரையுள்ள பார்சல்களுக்கு அமெரிக்கா தந்து வந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கப்பட்டது. அந்தக் குழப்பத்தில் நம் தபால் துறையே ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகளுக்கு அனுப்புவதும் அங்குள்ள வாடிக்கையாளருக்கு விற்பதும் ஒன்றல்ல.

தொடங்குவதற்கு அருகில் உள்ளவர்களே சிறந்தவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கூரியர் மிச்சம், அளவு சரியில்லை என்றால் நேரில் மாற்றித் தரலாம், யு.பி.ஐ.-யில் பணம் வந்துவிடும்.

சட்டம் கேட்பது என்ன?

"நான் விற்பதே மாதம் நாலாயிரம், எனக்கெதற்கு ஜி.எஸ்.டி.?" என்று பலரும் நினைக்கிறார்கள். விற்கும் தொகை மட்டுமல்ல, விற்கும் இடமும் முக்கியம். தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஆன்லைன் தளம் எதுவும் நடுவில் இல்லாமல் பொருள்களை நேரடியாக விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. அமேசான் போன்ற தளத்தின் வழியாக விற்பவர்கள் முன்பு ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அந்த விதி தளர்த்தப்பட்டு, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் ஜி.எஸ்.டி. வெப்சைட்டில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு பதிவெண் வாங்கிக்கொண்டால் போதும் என்றானது.

சிக்கல் பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும்போதுதான் ஆரம்பிக்கும். வேறு மாநிலத்துக்கு விற்பதற்குப் பொதுவாகப் பதிவு வேண்டும், தொகை எவ்வளவு சிறியதானாலும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் நேரடி விற்பனையில், ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை, நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. நீங்கள் பின்னும் பொருள் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஒரு ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. பதிவு செய்ய அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ஆனால் பதிவு செய்தபின் தவறாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஆகும் நேரமும் ஆடிட்டர் கட்டணமும் ஷீட்டில் ஏற வேண்டியவை.

பொம்மை பின்னுபவர்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது. இது பலருக்குத் தெரியவே தெரியாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பஞ்சு அடைத்த குரோஷா முயல்குட்டியும் இதில் அடங்கும். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் கைவினைஞராகப் பதிவு செய்துகொண்டவர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. எனவே பொம்மைதான் உங்கள் பலம் என்றால் "பெஹ்சான்" என்று அழைக்கப்படும் அந்தக் கைவினைஞர் அடையாள அட்டைக்கு முதலில் விண்ணப்பியுங்கள். கடையைப் பிறகு திறக்கலாம்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே டிசைனை மயிலாப்பூரில் உட்கார்ந்து பின்னிவிட்டு "நரசாபுரம் லேஸ்" என்று எழுதி விற்கக் கூடாது. மிக்கி மவுஸ், டோரேமான் பொம்மைகளும் அப்படித்தான், அந்த உருவங்கள் அந்தந்த நிறுவனங்களின் சொத்து. இண்டர்நெட்டில் டவுன்லோட் செய்த பேட்டர்னைப் பார்த்துப் பின்னியதை விற்கலாமா என்பதை அந்த பேட்டர்னை எழுதியவர் அதன் கடைசிப் பக்கத்தில் சொல்லியிருப்பார். சிலர் தாராளமாக அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள்.

போட்டோவும் போலியும்

போட்டோவுக்குப் பெரிய கேமரா வேண்டாம். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் வெள்ளைத் துணி விரித்து, ஃபிளாஷ் இல்லாமல் போனிலேயே எடுங்கள். பொருளின் பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ காப்பி டம்ளரையோ வைத்து ஒரு படம் எடுத்தால், "இவ்வளவு சின்னதா?" என்ற புகார் வராது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு கொண்டு உருவாக்கிய குரோஷா படங்கள் எங்கும் உலவுகின்றன. ஆளுயர யானை, முடியிழை போன்ற இதழ்களுடன் தாமரை. உற்றுப் பார்த்தால் கண்ணிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்றே தெரியாது. யாராலும் பின்ன முடியாதவை அவை. அந்தப் படத்தை அனுப்பி "இதே மாதிரி வேண்டும்" என்று வாடிக்கையாளர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த பேட்டர்ன் என்று பணம் கொடுத்து எதையும் வாங்கவும் வேண்டாம். பாதி பின்னிய நிலையில், ஊசியோடு, உங்கள் கை தெரிய ஒரு படம் போடுங்கள். இது கைவேலைதான் என்று நம்ப வைக்க அது ஒன்று போதும்.

முதல் பெரிய ஆர்டர்

கடை திறந்து போன் நம்பரும் வெளியே தெரிந்த சில நாட்களிலேயே ஓர் அழைப்பு வரலாம். பேசுபவர் ராணுவ அதிகாரி என்பார், அல்லது பெரிய பள்ளி நிர்வாகி என்பார். 50 தொப்பி வேண்டும், விலை பேசவே மாட்டார், முழுப் பணமும் முன்பணமாகத் தருகிறேன் என்பார். பிறகு ஒரு க்யூ.ஆர். கோடு வரும். "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் உங்கள் அக்கவுண்டுக்கு வந்துவிடும்." வராது. உங்கள் பணம் போய்விடும். யு.பி.ஐ.-யில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டாலே அது பணம் போகும் வழி.

பணம் வந்துவிட்டது என்று எதிராளி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். அதைப் போலியாகச் செய்வது சுலபம். உங்கள் பேங்க் அப்ளிகேஷனைத் திறந்து தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள். ஆர்டரின்படி பின்ன வேண்டியதென்றால் பாதிப் பணம் வந்த பிறகே ஊசியை எடுங்கள். வேறொருவர் பெயரை எம்பிராய்டரி செய்த தொப்பியை நீங்கள் யாருக்கும் விற்க முடியாது. ஒருவேளை பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் வெப்சைட்டிலும் பதிவு செய்யலாம். சீக்கிரம் சொன்னால்தான் பணம் வேறு அக்கவுண்டுகளுக்குக் கைமாறும் முன் முடக்க முடியும்.